ஐந்தாவது கட்டம்

படிவத்தில் நான்கு கட்டம்:
பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம்.
அச்சடித்தது நான்தான்.
பிளாட்டினத்துக்குச் சுரங்கக் கம்பெனி வந்துவிட்டது.
தங்கத்துக்கு,
இரண்டு வருஷம் முன்பு எங்கள் ஊர்க் கிளையைப்
பூட்டிக்கொண்டு போன வங்கி.
காதுக் கருவி விற்பவர்கள் வெள்ளி.
வெண்கலம் காலியாகவே கிடந்தது.
கழுத்து அட்டையின் நாடாவில்
யார் பெயர் போடுவதென்று
குழு மூன்று தடவை கூடிப் பேசியது.

நான் பாதம் பார்ப்பவன்.
சர்க்கரைப் புண், குதிகால் வெடிப்பு,
மரத்துப்போன கட்டைவிரல்.
குயின்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில்
இருநூறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர்,
ஊருக்கு ஒரு நாள்.
கணக்குத் தெரியும் என்று ஒருமுறை உளறியதால்
மாநாட்டுக்குப் பொருளாளன்.

ஜூலையில் ஒரு கடிதம்.
இடக்கை எழுத்து, வரிகள் மலையேறின.
ஆர்லீன் டன்ஸ்டர், டயர் கடை, குர்ரவிலா சந்திப்பு.
"பணம் இல்லை.
ஊர் ஊராய் வரும் உங்கள் ஆட்களுக்கு
ஒரு வருஷம் பஞ்சர் இலவசம்.
இது எந்தக் கட்டம்?"

தலைவி சிரித்தார்.
பொருளாக வந்தால் மதிப்புப் போட வேண்டும் என்றார் ஒருவர்.
பஞ்சருக்கு நாற்பது டாலர் என்று
நான் பெருக்கத் தொடங்கினேன்.
பிரின் மட்டும்
மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரின் பேச்சுப் பயிற்சி தருபவள்.
ஆறு வாரத்துக்கு ஒரு செவ்வாய்
அந்தச் சந்திப்புக்குப் போவாள்.
பக்கவாதத்துக்குப் பிறகு ஆர்லீனிடம்
மிஞ்சியது ஒரே சொல்.
தண்ணீருக்கும் செவ்வாய், வலிக்கும் செவ்வாய்,
நாயைக் கூப்பிடவும் செவ்வாய்.
நினைத்தது வேறென்று
கண்ணுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.
காலண்டரில் அவள் வட்டம் போட்ட கிழமை அது
என்பாள் பிரின்.
அறிவியல் அப்படிச் சொல்லவில்லை
என்பதையும் அவளே சொல்வாள்.

ஒரு செவ்வாய் பிரின் போய்ச் சேரவில்லை.
செம்மண்ணில் பின்சக்கரம் வெடித்து,
ஸ்டெப்னியிலும் காற்றில்லாமல்,
மாட்டு லாரி வரும்வரை பதினொரு மணி நேரம்.
ஆறு வாரம் பன்னிரண்டானது.
பன்னிரண்டு வாரமும்
டயர் கடைக்காரி,
யாருடைய டயருக்காகவோ,
ஒரே சொல்லோடு உட்கார்ந்திருந்தாள்.

மாநாட்டுக் கூடத்தில்
ஏர்கண்டிஷனர் இருமிக்கொண்டிருந்தது.
சுரங்கக்காரருக்கு ஐந்து நிமிஷம்; பதினாலு எடுத்தார்.
'சமூகம்' ஒன்பது தடவை. எண்ணினேன்.
வங்கி ஒரு வீடியோ அனுப்பியிருந்தது.
ஆர்லீனுக்கு இரண்டு நிமிஷம்.

மைக்கைப் பிடித்தாள்.
சொல் வரவில்லை.
கூடத்தில் நூற்றி எண்பது பேர்.
வேறெந்தக் கூடமாயிருந்தாலும்
யாராவது முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்திருப்பார்கள்,
இரக்கப்பட்டுக் கைதட்டி
இறக்கிவிட்டிருப்பார்கள்.
இங்கே ஒருவரும் அசையவில்லை.
பாதிப்பேர் படித்த படிப்பே அதுதான்:
அடுத்தவர் வாயிலிருக்கும் சொல்லைப்
பிடுங்காமலிருப்பது.
நேரம் முடிந்த சிவப்பு விளக்கு எரிந்தது.
அதற்கும் நான்தான் பொறுப்பு.
அணைத்தேன்.

"செவ்," என்றாள்.
தலையை உதறினாள்.
"காத்து," என்றாள்.
வாசல் பக்கம் கை காட்டி,
"ஸ்டெப்னி. காத்து. பாருங்க."
இறங்கிவிட்டாள்.

படிவத்தில் பேனாவால் ஐந்தாவது கட்டம் வரைந்து
ரப்பர் என்று எழுதினேன்.
மதிப்பு என்ற இடம் இன்னும் காலி.
தணிக்கையில் கேட்பார்கள்.

மதியச் சாப்பாட்டில் அவளைக் காணோம்.
வெளியே, கொளுத்தும் வெயிலில்,
இடக்கையில் காற்றுமானியோடு
வண்டி வண்டியாய்க் குனிந்துகொண்டிருந்தாள்.
அறுபத்திரண்டு வண்டி.
ஏழில் ஸ்டெப்னி சப்பை.
ஒன்றில் ஸ்டெப்னியே இல்லை;
அந்தக் குழியில்
பெட்டி பெட்டியாய்ச் செருப்புக்குள் வைக்கும் அட்டை.

அது என் வண்டி.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நானும் காத்திருந்தேன்,
பிரின் சொல்லிக் கொடுத்தபடி,
மனசுக்குள் பத்து எண்ணி.
"செவ்வாய்," என்றாள்.
இந்த முறை
சொல்ல நினைத்ததும் அதையேதான்:
வருகிற செவ்வாய், கடைக்கு.